அதிர்வு உபகுழு

அந்தக் குடியிருப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் என்பதால் டோல்கேட் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி கையை நீட்டுவதும் மடக்குவதுமே வேலை. வலது கையைத் தவிர மற்ற உறுப்புகளுக்கெல்லாம் வருடக்கணக்கில் ஓய்வு கிடைத்துவிட்டதால், அவை தம் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட்டன. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை, தம்பியின் கண்கள் மஞ்சளாகும் வரை.

தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். குடிக்காதவன். எங்கிருந்தோ ஒரு கிருமி வந்து அவன் ஈரலைத் தின்றுவிட்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். ரத்த வகை பொருந்தியது அக்காவுக்குத்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று படுக்கத் தயாராகவே நின்றாள்.

"ஸ்கேன்ல உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பு படிஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "இதை எடுத்து வச்சா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் பிரயோஜனம் இல்ல."

"என்கிட்டதான் நிறைய இருக்கே டாக்டர்."

"நிறைய இருக்கறதுதான்மா பிரச்சினை. உடம்பைக் குறைச்சா ஈரலும் சுத்தமாகும். மூணு மாசம் பாக்கலாம். அதுக்கு மேல உங்க தம்பி தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

ஜிம்முக்குப் போகும் வசதி இல்லை என்று சொல்ல அவள் கூச்சப்படவில்லை. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிக்காரப் பெண்ணும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "வீட்ல நாற்காலி இருக்கா? சுவர் இருக்கா? அது போதும்கா" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் இரண்டை நிரப்பித் தூக்கி இறக்க வேண்டும். மூச்சு கொஞ்சம் வசப்பட்ட பிறகு கயிறு தாண்ட வேண்டும், படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும். சாப்பாட்டில் பாதித் தட்டுக்குக் காய். "செலவே இல்லாத ஜிம்முதான்கா இது" என்று அனுப்பி வைத்தாள். செலவு இல்லை என்று அவள் சொன்னது சரிதான். இடைஞ்சல் இல்லை என்று அவள் சொல்லவேயில்லை.

அக்கா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மதியம் வீடு திரும்புவாள். சாயங்காலம் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரி. ஆக, உடம்பைக் குறைப்பதற்கு மதியம் ஒன்றுதான் மிச்சம். வெளியே போய் நடக்கலாமென்றால் வாசலைத் தாண்டினால் லாரிகள். முதல் நாள் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்ததில் தொடை இரண்டும் அழுதன. சில நாள் கழித்துக் கயிறு தாண்டினாள். கயிறு என்றால் பழைய துணி காயப்போடும் கொடிதான். ஒரு தாண்டு தாண்டுவாள், கால் சிக்கும், எடுத்துவிட்டு மறுபடி தாண்டுவாள். இடுப்பில் பாவாடை கொஞ்சம் தளர்ந்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

அந்த வாரம் லிப்ட் பக்கத்தில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. "மூன்றாம் மாடியில் அடையாளம் தெரியாத பளுவான பொருள் ஒன்று மதிய வேளைகளில் மீண்டும் மீண்டும் கீழே போடப்படுகிறது. சம்பந்தப்பட்டவர் அப்பொருளை உடனடியாக அகற்றவும்."

அக்கா அதைப் படித்து, யாரோ பாவம் என்று நினைத்தபடி லிப்டில் ஏறினாள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போதுதான் அந்தப் பொருள் தான்தான் என்று உறைத்தது.

மறுநாள் செயலாளரே வந்தார். இரண்டாம் மாடியில் அவளுக்கு நேர் கீழே குடியிருப்பவர். வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொருள் எங்கம்மா?"

"நான்தான் சார். கயிறு தாண்டுறேன். டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டர் நம்ம சங்கத்துல உறுப்பினரா?"

"இல்ல சார்."

"அப்ப அவங்க சொன்னது இங்க செல்லாதும்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. தனிப்பட்ட முறையில எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. செயலாளர்ங்கற முறையிலதான் மதியம் தூக்கம் வரமாட்டேங்குது. என் வீட்டுச் சரவிளக்கு ஆடுது. ஒரு செயலாளர் வீட்டு விளக்கு ஆடினா சங்கமே ஆடின மாதிரி."

தம்பியின் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன், "ஊரெல்லாம் சொல்லி என்னை ஒரு நோயாளியா உக்கார வச்சிடாதக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதனால் வாயை மூடிக்கொண்டாள். அவள் கணவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவர், அதிகம் பேசாதவர். அன்று சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிகளுக்கு அடியில் போடும் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "இது மேல நின்னு குதி. கண்ணாடியே உடையாது, அவர் தூக்கமா உடைஞ்சிடும்" என்றார்.

ரப்பர் விரிப்பால் சத்தம் நின்றது. சங்கம் நிற்கவில்லை. சத்தம் கேட்காமல் குதிப்பது சந்தேகத்துக்குரியது என்று கருதி, அதிர்வு உபகுழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர், செயலாளர், எதைக் கேட்டாலும் "ஆமா சார்" என்று சொல்வதால் ஆமாசார் என்றே அழைக்கப்பட்ட இணைச் செயலாளர் ஆகிய மூவர். தலைவர் எடையளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகத் தராசுகளுக்கு முத்திரை குத்தியே காலம் கழித்தவர். உலகத்தில் அளக்க முடியாதது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைத் தன்மேல் வைத்த குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார்.

ஒரு மதியம் தலைவரும் ஆமாசாரும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் கீழே தன் வீட்டில், மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் அலை வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. தலைவர் வந்ததும் அங்கிருந்த ஒரே மரநாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், அந்த நாற்காலி எனக்கு வேணும்."

"உக்கார்றதுக்கா?"

"உக்கார்ந்து எழுந்திருக்க."

தலைவர் யோசித்தார். "எழுந்திருக்கப் போறீங்கன்னா அப்புறம் எதுக்கு உக்காரணும்?"

"ஆமா சார்" என்றார் ஆமாசார்.

கடைசியில் நாற்காலியைத் தலைவர் வைத்துக்கொண்டார். அக்கா ரப்பர் விரிப்பின் மேல் நின்றாள்.

"ஒரு குதி குதிங்க" என்றார் தலைவர். குதித்தாள். போனில் கேட்டார். "அவர் பாக்கலையாம். மூக்குக் கண்ணாடியத் தேடிட்டிருந்தாராம். இன்னொண்ணு குதிங்க."

மறுபடி குதித்தாள்.

"அலை வருதாம்" என்றார் தலைவர் திருப்தியுடன். "இப்ப குதிக்காம நில்லுங்க."

அசையாமல் நின்றாள். முதுகில் வியர்வை ஓடியது. இரண்டு ஆண்கள் டீயை உறிஞ்சியபடி தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, தன் வீட்டுக்குள்ளேயே இப்படி நிற்பதில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்பவும் அலை வருதாம்" என்றார் தலைவர், முகம் சுருங்கி.

"லாரி போகுது சார். ரோட்டுல ஒரு லாரி போனா இந்தக் கட்டடமே அதிருது. எனக்குத் தெரியாதா, நான்தானே அதுங்களுக்குக் கதவு தொறந்து விடுறேன்."

"இருக்கலாம்மா. ஆனா லாரி நம்ம சங்கத்துக்குக் கட்டுப்பட்டதில்ல. கட்டுப்படறவங்களைத்தானே நாங்க கட்டுப்படுத்த முடியும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உபகுழு எழுந்தது. பகல் ஓய்வு நேரத்தில் உறுப்பினர்கள் தங்கள் வீட்டுத் தரையை விட்டு இரு கால்களையும் ஒரே சமயத்தில் எடுக்கக் கூடாது என்று மறுநாள் தீர்மானம் வந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். "குறைஞ்சிருக்கு. போதாது" என்றார் டாக்டரம்மா. பக்கத்து வார்டில் தம்பியின் வயிறு நீர் கோத்து ஊதியிருந்தது, கைகால் குச்சியாக. "நீ இளைக்கறதுக்குள்ள நான் குண்டாயிடுவேன் போல இருக்கேக்கா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவன் சிரிப்பதற்காகச் சொன்னான். அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

குதிக்கத்தானே கூடாது, ஏறலாமே என்று படிக்கட்டுக்குப் போனாள். தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். அதற்கும் அறிவிப்பு வந்தது. படிக்கட்டு என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் பொது வழி, செல்லும் இடம் இன்றி அதில் ஏறி இறங்குவது பொதுச் சொத்தை வீணாகத் தேய்ப்பதாகும் என்றது அது. மேலே போகிறவர்களை விசாரிக்கும் பொறுப்பு வாட்ச்மேனுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் அந்த வேலையை வெட்கத்தோடு செய்தார்.

"எங்கக்கா போறீங்க?"

"மொட்டை மாடிக்கு."

"அங்க போய் என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்கச் சொல்லியிருக்காங்க."

"கீழ வரப் போறேன்."

"அதை மட்டும் சொல்லாதீங்கக்கா" என்று கெஞ்சினார் வாட்ச்மேன். "துணி காயப்போடப் போறேன்னு சொல்லிடுங்க. அதுக்கு அனுமதி இருக்கு."

எனவே அக்கா ஒரு துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு மேலே போனாள். காயப்போட்டாள். கீழே வந்தாள். எடுப்பதற்காக மறுபடி மேலே போனாள். வெயிலில் அது காய்ந்து தொலைத்தபோது வீட்டுக்குப் போய் மறுபடி நனைத்தாள். இப்படி அந்தத் துண்டு ஊரிலேயே அதிகம் காய்ந்த துண்டாக இருந்துகொண்டிருந்தபோது, செயலாளர் மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டார். ஒரு துணிக்கு ஒரு முறைதான் என்று புதிய விதி பிறந்தது.

அக்காவுக்கு அன்றோடு பொறுமை போய்விட்டது. பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போனாள். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார்.

"ஒரு சங்கத்தோட வேலை என்ன? உறுப்பினர்களோட நலம். நலம்னா என்ன? அமைதி. எல்லாரும் அவங்கவங்க வீட்ல அசையாம இருந்தா அமைதி தானா வரும். நான் முப்பது வருஷம் தராசு பாத்தவன். முள்ளு எப்ப சரியா இருக்கும்? தட்டுல ஒண்ணுமே இல்லாதப்ப. எந்தச் சங்கமும் அப்படித்தான் இருக்கணும்னு நான் ஆசைப்படறேன்."

கைதட்டினார்கள். அக்கா எழுந்தாள். மைக்கைக் கேட்டு வாங்கவில்லை.

"என் தம்பி சாகக் கிடக்கான் சார். என் ஈரல்ல பாதிய வெட்டி அவனுக்கு வைக்கணும். அதுல கொழுப்பு இருக்கு, குறைச்சாதான் எடுப்பாங்க. அதுக்குத்தான் குதிச்சேன், அதுக்குத்தான் ஏறினேன். குதிச்சா அலை வருதுங்கறீங்க, ஏறினா படி தேயுதுங்கறீங்க. எங்க வச்சுதான் சார் நான் இளைக்கிறது?"

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

அங்கேதான் அவளுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. இதுவரை எதிர்த்த சங்கம், இனி உதவுவது என்று முடிவு செய்துவிட்டது.

அதிர்வு உபகுழு அன்றே உடல்நலக் குழுவாக மாற்றப்பட்டது, அதே மூன்று பேருடன். கட்டடத்தின் பொது அறையில் உடற்பயிற்சிக் கூடம் அமைப்பதென்று தீர்மானித்தார்கள். எல்லாரிடமும் வசூலித்து, டிரெட்மில் என்னும் ஓடும் பட்டை இயந்திரம் ஒன்று வாங்கி வந்தார்கள். அதன்மேல் பாலிதீன் உறை போட்டுப் பெரிய நாடா ஒன்றைக் கட்டினார்கள். வாசலில் அக்காவின் படம் போட்ட பேனர் வைத்தார்கள். படத்தில் அவள் பழைய பருமனில் இருந்தாள். "முன்ன எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் நாங்க குறைச்சது தெரியும்" என்றார் செயலாளர்.

"நான் எப்ப சார் அதுல ஓடலாம்?"

"திறப்பு விழா முடிஞ்சதும். சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கணும்."

"அதுவரைக்கும் வீட்ல பண்ணிக்கிறேன்."

"அது எப்படிம்மா? கூடம் இருக்கறப்ப வீட்ல பண்ணா கூடம் எதுக்குன்னு நாலு பேர் கேப்பாங்க. வீட்ல பயிற்சி இனி கிடையாதுன்னு தீர்மானம் போட்டாச்சு. உங்களுக்காகத்தான் போட்டோம்."

"படிக்கட்டு?"

"அங்க சுவர்ல, ஆளுங்க ஓடுற மாதிரி படம் வரைஞ்சுட்டிருக்கோம். பெயின்ட் காயற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது."

அக்கா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றாள். கைகளை ஊன்றினாள். தண்டால் எடுக்கவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்து அப்படியே நின்றாள். கணவர் வந்து பக்கத்தில் நின்றார். "சங்கம் இங்க மட்டும்தானே. நீ பாதி நாள் இங்கயே இல்லையே" என்றார்.

அது அவளுக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் சுங்கச்சாவடிக் கூண்டில், ஒரு வண்டி வந்து நின்றதும் எழுந்து நின்று கட்டணம் வாங்கினாள். அது போனதும் உட்கார்ந்தாள். அடுத்த வண்டிக்கு மறுபடி எழுந்தாள். வண்டிகளுக்கு என்ன பஞ்சம். கை ஊன்றாமல், முதுகு நிமிர்த்தி, தொடை நடுங்க நடுங்க எழுந்தாள். லாரி டிரைவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு அது தங்களுக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

"உக்காரும்மா, எனக்கெல்லாம் போய் எந்திரிச்சுக்கிட்டு" என்றார் ஒரு பெரியவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"நீங்க போனதும் உக்கார்றேன் அண்ணே."

"எத்தனையோ டோல்கேட் தாண்டியிருக்கேன். ஒருத்தரும் இப்படி எந்திரிச்சதில்ல" என்று நெகிழ்ந்து போனார். அவர் போய்ச் சொன்னாரோ என்னவோ, வரிசை நீளமாக இருந்தாலும் லாரிகள் அவள் கூண்டுக்கே வர ஆரம்பித்தன. சாப்பாட்டு வேளையில் கூண்டுகளின் வரிசைக்குப் பின்னாலிருந்த பாதையில் வேகமாக நடந்தாள். வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்காமல் வயல் ஓரப் பாதையில் நடந்தே வந்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமோ அதிர்வோ எழாத சுவர்த் தண்டாலை எடுத்தாள். மூச்சு வாங்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கணவர் ரேடியோவைப் போட்டார்.

டாக்டரம்மா கொடுத்த காலம் முடியும் சமயத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "எந்த ஜிம்முக்குப் போனீங்க?" என்று கேட்டார். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள்.

அன்று சாயங்காலம் செயலாளர் பூரிப்புடன் வந்தார். "சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்துட்டார்மா. நீங்கதான் நாடாவை வெட்டணும்." தேதியைச் சொன்னார். அதே நாள்.

"அன்னிக்கு என்னையே வெட்டப் போறாங்க சார்."

"ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியாதாம்மா? விருந்தினர் ரொம்ப பிஸியானவர். ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போகுது?"

அக்கா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, "கீழ் வீட்டு சார் உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்டா" என்று சொல்லிச் செயலாளர் கையில் கொடுத்தாள். செயலாளர் போனைச் சூடான பாத்திரத்தைப் போலப் பிடித்தார்.

"வணக்கம் தம்பி. ஒண்ணுமில்ல, சும்மாதான். நல்லா இருக்கீங்களா?"

"இப்போதைக்கு இருக்கேன் சார்" என்றான் தம்பி. அறை முழுக்கக் கேட்டது.

அறுவை சிகிச்சை ஒரு பகல் முழுதும் நடந்தது. இருவரும் பிழைத்தார்கள். தம்பி இன்னும் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அக்காவை முதலில் அனுப்பினார்கள், வயிற்றில் நீண்ட தையலோடு, கனம் தூக்கக் கூடாது, இப்போதைக்குப் படி ஏறக் கூடாது என்ற கண்டிப்போடு.

ஆட்டோவிலிருந்து இறங்கி, கணவரின் தோளைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து லிப்ட் வரை வந்தாள். லிப்ட் அணைந்திருந்தது. கதவில் ஓர் அறிவிப்பு. "உடல்நலக் குழுவின் தீர்மானப்படி, உறுப்பினர்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு லிப்ட் நிறுத்தப்படுகிறது. மூன்றாம் மாடிச் சகோதரியை முன்மாதிரியாகக் கொண்டு அனைவரும் படியேறுவோம்."

சகோதரி அதை இரண்டு முறை படித்தாள். வாட்ச்மேன் தலையைக் குனிந்தபடி நின்றார். "சாவி தலைவர்கிட்ட இருக்குக்கா. விலக்கு வேணும்னா குழு கூடணுமாம்."

கணவரும் வாட்ச்மேனும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஓடுகிற மனிதர்களின் படங்களைத் தாண்டி, ஒவ்வொரு படியிலும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்ள, இரண்டாம் மாடி வரை வந்துவிட்டார்கள். அங்கே வாட்ச்மேனுக்குக் கை நழுவ, நாற்காலியை டக்கென்று இறக்கினார்கள். செயலாளர் வீட்டுக் கதவு திறந்தது.

"கொஞ்சம் மெதுவா..." என்று ஆரம்பித்தவர் அவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். அவரைத் தாண்டி மெல்ல உள்ளே போனாள். கூடத்தில் நீளமான சோபா இருந்தது. அதில் உட்கார்ந்து, ஒருக்களித்து, கால்களைத் தூக்கி வைத்துப் படுத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் செயலாளர்.

"படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க சார். லிப்ட் ஓடுறப்ப சொல்லுங்க, போறேன்."

செயலாளரின் மனைவி உள்ளிருந்து தலையணையும் போர்வையும் கொண்டு வந்தார். "நல்ல வேலை பண்ணே. அவசரமே இல்ல, எத்தனை நாள் வேணும்னாலும் இரு" என்று அவள் தலைக்குக் கீழே தலையணையைச் செருகிவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார். "உங்க தலைவரைக் கூப்பிடுங்க. சங்கத்தை இங்கயே கூட்டுங்க. ஆனா மெதுவா பேசணும், உடம்பு முடியாதவ படுத்திருக்கா."

தலைவரும் ஆமாசாரும் வந்தார்கள். கூட்டம் சோபாவுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து நடந்தது. லிப்டை ஓட்டினால் தீர்மானம் என்னாவது, அவளுக்கு மட்டும் ஓட்டினால் மற்றவர்கள் ஏறிக்கொள்ள மாட்டார்களா, இறங்குவதற்கும் விலக்கு உண்டா என்றெல்லாம் குசுகுசுவென்று விவாதித்தார்கள். நாடா வெட்ட ஆளில்லாமல் போனதால் திறப்பு விழா நடக்கவில்லை என்றும், சிறப்பு விருந்தினர் வேறு தேதி கொடுப்பார் என்றும், அதுவரை நாடாவை அவிழ்க்கக் கூடாது என்றும் நடுவில் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தையல் சுண்டியது. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் தையல் பிரியும்.

அப்போது அவள் போன் அடித்தது. தம்பி. மூக்கிலும் கையிலும் குழாய்களோடு படுத்திருப்பவன், நர்ஸிடம் கேட்டு வாங்கிப் பேசுகிறான் போல. குரல் தூரத்தில் தேய்ந்து கேட்டது.

"என்னடா? கேக்கலை. சத்தமா சொல்லு."

மூன்று நிர்வாகிகளும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் போனின் ஒலியை முழுதாகக் கூட்டி மார்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

"பசிக்குதுக்கா" என்றான் தம்பி. மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. "பயங்கரமா பசிக்குது. உன் ஈரல்தானே, உன்ன மாதிரியே இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.